ஒதுங்குமிடம்

மலையைக் குடைந்த பழைய சுரங்கம்.
ஒரு வண்டிக்குத்தான் அகலம்.
பரோயே தீவுகளின் வடகோடியில்
எங்கள் ஊரிலிருந்து ஜெபவீட்டுக்கு
இதை விட்டால் கடல்தான்.
அங்கங்கே வலப்பக்கப் பாறையை வெட்டி
ஒதுங்குமிடம் விட்டிருக்கிறார்கள்.
போகிறவர்கள் விலக வேண்டும்,
வருகிறவர்கள் விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார்கள்.

இந்தப் புதன்கிழமை
எதிரே யாரும் வராதபோதே
மூன்றாவது ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

சால்மன் ஆலையின் வாடை விரல்களில் இருந்தது.
எலுமிச்சைத் தோலால் தேய்த்தும் போகவில்லை.
அதைவிடப் போகாத ஒன்று:
சென்ற வாரக் கூட்டம் முடிந்து
காப்பி ஊற்றிக்கொண்டே தோர்மோட் சொன்னது,
"பில்லா, இன்றைக்கு உன் ஜெபம் நன்றாக இருந்தது."
மூன்று நாள் அதைக் கற்கண்டு போலக்
கன்னத்தில் அடக்கி வைத்திருந்தேன்.

நன்றாகத்தான் இருந்தது.
மீன் வெட்டும் மேசையில் நின்று
திங்கட்கிழமையிலிருந்தே கோத்ததாயிற்றே.
'எங்களில் சிலருக்குத் தாழ்மை தாரும் ஆண்டவரே,
தங்களுடையதைக் கட்டிக் காக்கும்
பொறுப்பையும் தாரும்.'
சிலர் என்றால் மார்னா.
தங்களுடையது என்றால் அவள் நாய்.
இருந்த எட்டுப் பேருக்கும் அது தெரியும்.
எட்டுப் பேரும் ஆமென் என்றார்கள்.
மார்னாவும்.

அக்டோபரில் அந்த நாய்
என் ஆடுகள் இரண்டைக்
கடலோரப் பாறையின் விளிம்புவரை விரட்டியது.
ஆடுகள் விளிம்பில் நிற்கவில்லை.

எஞ்சினை அணைத்தேன்.
மலைக்குள் வானொலி எடுக்காது.
பாறை கசிந்து, வண்டிக் கூரையில்
சொட்டு, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.
கண்ணை மூடியதும் அழகாக ஒரு வாக்கியம் வந்தது.
இதை அங்கே சொல்லலாமே என்றது மனது.
தள்ளினேன்.
தழுதழுத்த குரலோடு இன்னொன்று.
அதையும் தள்ளினேன்.
இப்படியே எத்தனை என்று தெரியவில்லை.
எல்லாம் கேட்க ஆள் இருந்தால் நிற்கிற சொற்கள்.

தீர்ந்துபோனபின்
இங்கே இருப்பது நானும் அவரும் மட்டும் என்று
வயிற்றில் ஒரு பயம் இறங்கியது.
அப்போது வாயில் வந்தது ஜெபமே அல்ல.

அன்று சாயங்காலம்
மேய்ச்சல் கதவின் கொக்கியைப் போடாதது நான்.
கையில் வாளி இருந்தது. மழை வேறு.
திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவருக்குத் தெரியாததல்ல.
என் காதுக்குத்தான் அது புதிது.

பின்னாலிருந்து வெளிச்சம்.
ஒற்றை முன்விளக்கு. இன்னொன்று எரியாமல்
கிறிஸ்துமஸிலிருந்து அப்படியே ஓட்டுகிறாள்.
பக்கத்தில் வந்து நின்றாள், கண்ணாடியை இறக்கினாள்.
பின்னிருக்கையில் நாய், என்னைக் கண்டு வாலாட்டியது.

"வண்டி நின்றுவிட்டதா?"
"இல்லை. உள்ளே போவதற்கு முன்னால், கொஞ்சம்..."
எனக்கு முடிக்கத் தெரியவில்லை.
மார்னா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு இதற்கு அடுத்தது," என்றாள்.
"அக்டோபரிலிருந்து."
கண்ணாடி ஏறியது.
சற்றுத் தள்ளி அவளுடைய சிவப்பு விளக்குகள்
வலப்பக்கம் ஒதுங்கி அணைந்தன.

ஜெபவீட்டில் என் முறை வந்தபோது
'ஆண்டவரே' என்றேன்.
அடுத்த சொல் வரவில்லை.
காத்திருந்தார்கள். ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
யாரோ ஆமென் என்று முடித்துவைத்தார்கள்.
காப்பி வேளையில் தோர்மோட் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே,
வண்டிக் கதவுகளைப் பறித்துக்கொண்டு போகிற காற்றில்
"மார்னா, அந்தக் கொக்கி," என்றேன்.
காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.
என்ன என்று தொப்பியைத் தூக்கிக்
காதைக் காட்டினாள்.

இரண்டாவது முறை
உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது,
எல்லோருக்கும் கேட்கும்படி.